பரியும் பரிவும்

  

இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களுள் மூன்றாமவராகிய சம்பவநாத சுவாமியின் திருவடிகளை வணங்கி இச்சிற்றுரையைத் தொடங்குகின்றோம். சிராவஸ்தி நகரில் பிறந்தருளிய அப்பெருமானின் இலாஞ்சனம் குதிரை. காளை, யானை, குதிரை, குரங்கு என்று நம் பிள்ளைகள் இலாஞ்சனங்களை வரிசை தவறாமல் ஒப்புவிக்கின்றனர். நாமும் கேட்டு மகிழ்ந்து அப்பால் செல்கின்றோம். பீடத்தில் செதுக்கிய அந்தச் சிறு குதிரையின் முன் ஒரு கணம் நின்று சிந்தித்தால், அது நமக்கு உரைக்கும் பாடம் ஒன்று உண்டு.

தமிழில் குதிரைக்குப் பரி என்று ஒரு பெயர். பரிவு என்றால் அன்பும் இரக்கமும் ஆகும். இவ்விரு சொற்களின் ஒலி நெருக்கத்தைக் கருதியே இவ்வுரைக்குத் தலைப்பிட்டோம். ஒலியில் நெருங்கிய இரண்டும் செயலிலும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

நாம் குதிரை வளர்த்தவர் அல்லேம். ஏறிச் சென்றவரும் அல்லேம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், நாளைய ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தலே பல்லாண்டுகள் நமது தொழிலாய் இருந்தது. இளங்குதிரையைப் பொறுமையாகப் பழக்கும் கலையைப் பற்றி நூல்கள் வாயிலாக அறிந்தபோது, கரும்பலகையின் முன் நின்று நாம் சொல்லி வந்ததும், நம் ஆசாரியர்கள் சிராவக தருமமாக வகுத்தருளியதும் அக்கலையில் ஒன்றுபட்டு நிற்கக் கண்டு வியந்தோம். அவ்வியப்பை இங்குப் பகிர்ந்துகொள்கின்றோம்.

முறித்தலும் பழக்கலும்

இளங்குதிரையை மனிதருக்கு வசப்படுத்துவதைக் குறிக்க ஆங்கிலேயர் நெடுங்காலமாக வழங்கி வந்த சொல்லுக்கு 'முறித்தல்' என்பது நேர்ப்பொருள். சொல்லுக்கேற்பவே செயலும் இருந்தது. அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களில், திரிந்து வளர்ந்த குதிரையைக் கயிறு வீசிப் பிடித்து, கால்களைக் கட்டி, திமிறத் திமிறச் சேணத்தை ஏற்றி, அது களைத்து ஓயும்வரை ஒருவன் முதுகில் அமர்ந்திருப்பான். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். குதிரை அடங்கியது என்பார்கள். உண்மையில் அதன் உள்ளம் முறிந்தது என்பதே பொருந்தும்.

தமிழில் நாம் 'பழக்குதல்' என்கின்றோம். பழகு என்னும் சொல்லிலிருந்து பிறந்தது பழக்கு. பழகுதல் ஒருவரால் மட்டும் நிகழ்வதன்று, இருவர் வேண்டும். குதிரையைப் பழக்குபவர் தாமும் குதிரையோடு பழகியாக வேண்டும் என்பதை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கின்றது.

முறிக்காமல் பழக்க வேண்டும் என்பது நேற்றுத் தோன்றிய கருத்தன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் செனபோன் குதிரைப் பயிற்சி குறித்து ஒரு நூல் எழுதினார். குதிரையைச் சினத்தோடு அணுகுதல் ஆகாது என்றும், அது ஒரு பொருளைக் கண்டு அஞ்சினால் அடிப்பது அச்சத்தை மிகுவிக்குமேயன்றிப் போக்காது என்றும் அவர் அதில் அறிவுறுத்துகின்றார். அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் தாம் டாரன்ஸ் (1910–2003), அவர்பால் கற்ற ரே ஹண்ட் (1929–2009) ஆகியோர் முரட்டு முறை வேரூன்றியிருந்த அம்மேய்ச்சல் நிலங்களிலேயே இந்த மென்மை முறையைப் பரப்பினர். ரே ஹண்ட் ஊர் ஊராகச் சென்று பயிற்சி நடத்துவார். குதிரையின் சொந்தக்காரருக்காக அன்று, குதிரைக்காகவே தாம் வந்திருப்பதாகக் கூறித் தொடங்குவது அவர் வழக்கம்.

அறிவின்றி அருளில்லை

நம் தமிழ்நாட்டின் பழைய செய்தி ஒன்றையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் நலம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, இங்கு நடந்த குதிரை வாணிகத்தைக் குறித்து வைத்துள்ளார். அரசர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகின்றார். காரணம் போரன்று. குதிரையைப் பேணும் முறையை மக்கள் அறியாமையும், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லாமையுமே காரணம் என்கின்றார். புல் தின்னும் அவ்வுயிருக்கு இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றை ஊட்டினார்களாம்!

குதிரைகளை வாங்கியவர்கள் அவற்றை வெறுத்தவர்கள் அல்லர். பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள். பொருள் இருந்தது, விருப்பம் இருந்தது, அறிவு இல்லை. அதனால் கடல் கடந்து வந்த உயிர்கள் மடிந்தன. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளுள் ஞானத்தை ஒழுக்கத்திற்கு முன் வைத்த நம் முன்னோரின் நோக்கம் இங்கே விளங்குகின்றது. எதிரில் நிற்கும் உயிரின் இயல்பை அறியாதவர் அதன்மேல் கொள்ளும் அன்பும் அதற்குத் தீங்காய் முடியலாம்.

குதிரையின் இயல்பு யாது? அது பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். ஓடிப் பிழைப்பதே அதன் காவல். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காணும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டும் அதன் பார்வை எட்டாது. நாம் அன்போடு நேரே சென்று நெற்றியைத் தடவ முயன்றால், காணாத இடத்திலிருந்து வரும் கையாக அது அஞ்சும். அதன் தோலோ ஓர் ஈ வந்து அமர்வதையும் உணர்ந்து அவ்விடத்தை மட்டும் சிலிர்த்து உதற வல்லது. ஈயின் பாரத்தை உணரும் உயிருக்குச் சவுக்கு எதற்கு?

நம் ஆகமங்கள் கூறும் உயிர்ப் பகுப்பில் குதிரை மனமுடைய ஐம்பொறி உயிர். விலங்குகதியில் பிறந்த இத்தகைய உயிர்களும் நற்காட்சி பெற வல்லன. சிராவகருக்குரிய ஐந்தாம் குணஸ்தானம் வரை உயர வல்லன. சமவசரணத்தில் விலங்குகளுக்கும் இடம் இருந்தது அதனாலன்றோ! பரூச் நகரில் முனிசுவிரத தீர்த்தங்கரர் ஒரு குதிரைக்கு அறம் உணர்த்தினார் என்று சுவேதாம்பர மரபில் ஒரு வரலாறு உண்டு. குதிரைக்கு அறிவு புகட்டிய இடம் என்னும் பொருளில் அத்தலத்தை அசுவாவபோத தீர்த்தம் என்பர். ஆகவே இளங்குதிரையின் முன் நிற்பவர், கற்கும் ஆற்றலுடைய ஓர் ஆன்மாவின் முன் நிற்கின்றார் என்பதை மறத்தல் ஆகாது.

தரையில் நின்று தொடங்குதல்

முதுகில் ஏறுவதற்கு முன், தரையில் நின்றவாறே குதிரைக்கு அளிக்கும் பயிற்சியே இக்கலையின் அடித்தளம். இது வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நடைபெறும். ஒவ்வொரு நாளும் சிறிது நேரமே. இளங்குதிரையின் கவனம் சோர்வதற்கு முன் அன்றைய பாடம் முடிந்துவிட வேண்டும்.

முதற்பாடம் அருகில் செல்லுதல். வட்டமாக அமைந்த வேலிக்குள் பழக்குபவர் குதிரையின் தோள் பக்கமாக மெல்ல நடந்து செல்வார். அது தலையை உயர்த்தி, உடலை இறுக்கும் இடத்தில் நின்றுவிடுவார். அதன் மூச்சு தணிந்து, ஒரு காது அவர் பக்கம் திரும்பியவுடன் அவரே பின்வாங்கி விலகிச் செல்வார். 'இவர் வந்தால் போகவும் செய்வார்' என்று குதிரை அறிகின்றது. அடுத்த முறை இன்னும் இரண்டடி நெருங்க விடுகின்றது. இவ்வாறே கை தோளைத் தொடும். பின்னர்க் கழுத்தை, முதுகை, கால்களைத் தொடும்.

இரண்டாவது, தலைக்கயிற்றை அணிவித்துப் பிடிகயிற்றின் பொருளை உணர்த்துதல். மூன்றாவது, பின்னே ஓரடி வைத்தல், பக்கவாட்டில் நகர்தல், குளம்பைத் தூக்கிக் காட்டுதல் ஆகியவை. பின்னர்த் துணி, குடை, சலசலக்கும் தாள் போன்ற அச்சந்தரும் பொருள்களைத் தொலைவில் காட்டி, அணுவணுவாக அருகில் கொணர்தல். அதன்பின் சேணத்தைக் கண்ணுக்கும் மூக்குக்கும் அறிமுகப்படுத்தி, பிறகு முதுகில் வைத்து உடனே எடுத்தல். இவையெல்லாம் முடிந்த பின்னரே மனிதரின் பாரம்.

எளியதிலிருந்து அரியதற்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சி மாணவியருக்கு நாம் ஆண்டுதோறும் எழுதிப் போட்ட விதிகள் இவைதாம். வடமொழியில் 'க்ஷமா' என்னும் சொல்லுக்குப் பொறுமை என்றும் பூமி என்றும் இரு பொருள்கள் உண்டு. தசலட்சண பர்வத்தில் நாம் முதலாவதாகப் போற்றும் தருமம் உத்தம க்ஷமை. குதிரைப் பயிற்சியும் பூமியில் கால் ஊன்றிய பொறுமையில் தொடங்குவது எத்துணைப் பொருத்தம்!

கயிறு நெகிழும் கணம்

இக்கலையின் உயிர்நிலை பிடிகயிற்றில் இருக்கின்றது. இதனை நாம் சற்று நின்று காண வேண்டும்.

ஒரு மரக்கட்டையைத் தாண்டி வருமாறு இளங்குதிரையை அழைப்பதாகக் கொள்வோம். பழக்குபவர் கயிற்றைச் சிறிதே இழுத்து, அந்த இழுப்பை மாற்றாமல் நிற்கின்றார். குதிரை வர மறுக்கின்றது. அவர் பலத்தைக் கூட்டுவதில்லை. குதிரையின் பலம் மனிதரின் பலத்தினும் பன்மடங்கு என்பதை அவர் அறிவார். குதிரை ஒருபுறம் சாய்கின்றது, தலையை உயர்த்துகின்றது, பின்னுக்கு நகரப் பார்க்கின்றது. ஏதோ ஒரு கணத்தில் அதன் முன்காலின் பாரம் ஒரு விரற்கடை அளவு முன்னோக்கிச் சாய்கின்றது. இன்னும் அடி எடுத்து வைக்கவில்லை. எண்ணம் மட்டுமே தோன்றியிருக்கின்றது. அக்கணமே அவர் கயிற்றை நெகிழ்த்துவிடுகின்றார்! குதிரை பெருமூச்சு விடுகின்றது, தலையைத் தாழ்த்துகின்றது. 'முன்னே சாய்ந்தேன், இறுக்கம் நீங்கியது' என்று அது கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை ஓர் அடி, அதற்கடுத்த முறை இரண்டடி.

இங்கே குதிரைக்குக் கற்பித்தது எது? இழுத்தது அன்று, விட்டது. இழுத்தல் வினா மாத்திரமே. நெகிழ்த்தலே விடை. சரியான கணத்தில் விட்டவர் நல்லாசிரியர். ஒரு நொடி தாமதித்தவரோ, குதிரை செய்த நன்முயற்சிக்கும் தண்டனை கொடுத்தவர் ஆகின்றார். 'முயன்றாலும் வலி, முயலாவிட்டாலும் வலி' என்று கற்ற குதிரை ஒன்று முரடாகும். அல்லது கல்லாய்ச் சமையும்.

வகுப்பறையிலும் இதுவே நிகழ்கின்றது. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வினாக் கேட்ட பின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்று அளந்தார். பெரும்பாலோர் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு நொடியே. மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் விடைகள் நீண்டன; வாய் திறவாதவர்களும் பேச முன்வந்தனர். பயிற்சிப் பாடங்களை மேற்பார்வையிடச் சென்றபோதெல்லாம் நாம் கண்டதும் அதுவே. ஒரு சிறுவன் உதட்டை அசைக்கத் தொடங்குவான். அதைக் காணாத பயிற்சி ஆசிரியை 'சொல், சொல்' என்று மீண்டும் வினவுவார். திறந்த வாய் மூடிக்கொள்ளும். அவர் தீயவர் அல்லர், கவனியாதவர், அவ்வளவே.

அவ்வளவே என்றோம், ஆனால் நம் சமயம் அதனைச் சிறிதாக எண்ணுவதில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையை அதன் காரணமாக வைத்தார். கத்தி எடுத்தால் மட்டுமே இம்சை என்று எண்ணி, நாம் கத்தி எடுக்காதவர் என்று நிறைவு கொள்கின்றோம். விட வேண்டிய கணத்தில் விடாமல், பாராமுகமாய்ப் பிடித்திருக்கும் கையும் இம்சை செய்கின்றது என்பதை இளங்குதிரை நமக்கு உணர்த்துகின்றது.

ஐந்து அதிசாரங்கள்

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றை எடுத்தோதுகின்றன. குதிரையை முறிக்கும் பழைய முறைகளை இவ்வைந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் விடுபடவில்லை. காலைக் கட்டினர்; சவுக்கால் அடித்தனர்; அழகுக்காக வாலை வெட்டினர் (பிரிட்டன் 1949இல் சட்டமியற்றி இதனைத் தடை செய்தது); பட்டினி போட்டு அடக்கினர். அதிபாரம் ஏற்றுதலோ இன்றும் நீங்கவில்லை. குதிரையின் கால் எலும்புகள் முந்தி முதிர்ந்தாலும் முதுகெலும்பு முழுதும் முதிர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பந்தயக் குதிரைகளையோ உலகின் பல நாடுகளில் இரண்டு வயதிலேயே ஓட விடுகின்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எவ்வளவு மென்மையாகப் பழக்கினும், ஓர் உயிரை நம் விருப்பத்திற்கு வளைப்பது இம்சைதானே? நியாயமான ஐயமே. அதனால்தான் நம் முனிவர்கள் எவ்வுயிரையும் உடைமையாகக் கொள்வதில்லை; வாகனம் எதிலும் ஏறாமல் கால்நடையாகவே விகாரம் செய்கின்றனர். இல்லறத்தாருக்கு அந்நிலை இயலாது என்பதால், கால்நடைச் செல்வத்திற்கும் வரம்பு கட்டுமாறு பரிக்கிரக பரிமாண விரதம் கூறுகின்றது. வேண்டாதவற்றைச் சேர்க்காதே, சேர்த்தவற்றை முறையாகப் பேணு என்பதே சிராவகர் நெறி. மனிதரிடையே பிறந்துவிட்ட குதிரைக்குப் பயிற்சியே அளிக்காமல் விடுவதும் கருணை ஆகாது. குளம்பைத் தொட விடாத குதிரைக்கு நோய் வந்தால் வைத்தியர் அருகில் செல்ல இயலாது. ஒருவருக்கும் பயன்படாத முரட்டுக் குதிரை இறுதியில் எங்கே விற்கப்படும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வினா பழக்கலாமா என்பதன்று; பழக்குபவர் முதலில் தம்மைப் பழக்கினாரா என்பதே.

பழக்குபவரின் பகைவர் நால்வர்

பழக்குபவர் தம்முள்ளே வெல்ல வேண்டிய பகைவர் நால்வர். அவர்கள் நமக்குப் புதியவர் அல்லர்; குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களே.

குரோதம் சவுக்கை எடுக்கச் செய்யும். சினம் கொண்ட கையின் நடுக்கத்தைக் கயிற்றின் வழியே குதிரை அறியும். ஆகவே சினம் எழும் நாளில் பாடத்தை நிறுத்திவிடுவதே பாடம்.

மானம், வேலியின் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களை எண்ணச் செய்யும். 'நான்கு பேர் பார்க்க இக்குட்டி என்னை எதிர்க்கின்றதே' என்று தோன்றிய கணமே கவனம் குதிரையை விட்டு நீங்கித் தம்மேல் வந்துவிடுகின்றது.

மாயை, கொள்ளைக் காட்டி அழைத்து, அருகில் வந்ததும் வெடுக்கெனப் பிடிக்கச் செய்யும். அன்று குதிரை அகப்படும். மறுநாள் கொள்ளையும் நம்பாது, கையையும் நம்பாது.

லோபம் காலத்தைச் சுருக்கச் சொல்லும். 'ஆறு மாதப் பாடத்தை ஆறு நாளில் முடித்தால் விரைவில் விற்கலாமே' என்று கணக்குப் போடும். அக்கணக்கின் வட்டியைக் குதிரையின் முதுகெலும்பு செலுத்தும்.

இந்நால்வரும் அடங்கிய இடத்தில் சவுக்குக்கு வேலை இல்லை. குதிரையைப் பழக்குதல் என்று தொடங்கியது, தன்னைப் பழக்குதலாய் முடிகின்றது.

சிராவஸ்தியில் ஓர் உரையாடல்

சம்பவநாதர் பிறந்த சிராவஸ்தி நகரைத் தொடக்கத்தில் குறிப்பிட்டோம். அந்நகரின் சோலை ஒன்றில் நிகழ்ந்த உரையாடலைச் சுவேதாம்பர மரபின் உத்தராத்தியயன சூத்திரம் விரித்துரைக்கின்றது. பார்சுவநாதரின் வழிவந்த கேசி முனிவரும், மகாவீரரின் முதல் மாணாக்கராகிய கௌதமரும் அங்குச் சந்திக்கின்றனர். முரட்டுக் குதிரை ஒன்றின் மேல் அமர்ந்திருந்தும் தாங்கள் வழிதவறாமல் செல்வது எங்ஙனம் என்று கேசி வினவுகின்றார். அக்குதிரை மனமே என்றும், அதனை ஞானம் என்னும் கடிவாளத்தால் நடத்துவதாகவும் கௌதமர் விடையிறுக்கின்றார்.

கடிவாளம் என்று அப்பெருந்தகை கூறியதை நோக்குக. சவுக்கு என்று கூறவில்லை. ஞானத்தைக் கடிவாளமாகக் கொண்டவர் மனத்தை முறிப்பதில்லை. அது சாயும் திசையை விழிப்போடு கண்டு நடத்துகின்றார்.

நம் மனத்தை நாமே அடக்க முற்படும்போது எத்தனை முறை முறிக்கும் வழியை நாடுகின்றோம்! பர்வ நாளில் வேகம் கொண்டு கடும் உபவாசம் ஏற்கின்றோம். மறுவாரம் எளிய நியமத்தையும் கைவிடுகின்றோம். நம் ஆசாரியர்கள் வகுத்த வழி அதுவன்று. புலால், கள், தேன் ஆகியவற்றை நீக்குதல் முதலான மூலகுணங்களை அடித்தளமாக வைத்தனர். அதன்மேல் அணுவிரதங்கள், அதன்மேல் பதினொரு படிமைகள். ஒரு படியில் கால் ஊன்றிய பின்னரே அடுத்த படி. இரவு உண்ணாமையை நாம் குழந்தைப் பருவம் தொட்டே பயில்கின்றோம். எனினும் அதனைப் பிறழா விரதமாக ஏற்கும் நிலையைச் சமந்தபத்திராசாரியர் ஆறாம் படியில் வைத்தார் என்றால், மனம் என்னும் இளங்குதிரையை அவர் எவ்வளவு அறிந்திருந்தார்!

நம் இல்லங்களில்

இனி நாம் உள்ளத்தில் நெடுநாள் சுமந்ததைச் சொல்லி முடிப்போம்.

நம் சமுதாயம் சிறியது. பட்டணங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் படிக்கவும் பணிக்கும் சென்ற நம் பிள்ளைகளுள் பலர் இரவு உணவைத் தவிர்க்க இயலாமல் இருக்கின்றனர். ஆலயத்திற்கு வருவது அருகிவிட்டது. விடுமுறையில் வீடு வரும் பிள்ளையை வாயிலிலேயே வினாக்கள் எதிர்கொள்கின்றன. 'இராத்திரி சாப்பிடுகிறாயாமே? கோயிலுக்குப் போகிறாயா? நமஸ்கார மந்திரமாவது நினைவிருக்கிறதா?' பெற்றோரின் கவலை உண்மையானது. அக்கவலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்பிள்ளை அன்று காலை தானாகவே நீராடி, பாட்டியாருடன் பூஜைக்குப் புறப்பட எழுந்ததை ஒருவரும் காணவில்லை. கண்டவரும், 'இன்றைக்காவது புத்தி வந்ததே' என்றனர். முன்கால் சாய்ந்தது, கயிறு நெகிழவில்லை. அடுத்த விடுமுறையில் அப்பிள்ளை வரும் நாள்கள் குறைகின்றன. அதற்கடுத்த ஆண்டு வேலை மிகுதி என்று செய்தி மட்டும் வருகின்றது.

கயிற்றை முற்றிலும் விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. கயிறே இல்லாத குதிரை கற்பதுமில்லை. இல்லத்தில் நியமங்கள் இருக்கட்டும்; பொழுது சாயுமுன் உணவு ஆயத்தமாகட்டும்; வினாவும் இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் சிறு முயற்சியைக் காணும் கண்ணும், கண்ட கணத்தில் நெகிழும் கையும் அதனோடு இருக்கட்டும். விடுதியில் ஏழு நாளும் இரவில் உண்பவன், 'சதுர்த்தசி அன்று மட்டும் பொழுது சாயுமுன் உண்டுவிட்டேன்' என்று சொன்னால், மற்ற நாள்களைக் கணக்குக் கேட்காதீர்கள். அந்த ஒரு நாளைப் பெற்றுக்கொள்ளுங்கள், மகிழ்ச்சியைக் காட்டுங்கள், அத்துடன் பேச்சை நிறுத்துங்கள். அடுத்து அட்டமியும் வரும்.

இளம்பிள்ளைகளின் மேல் ஏற்றும் பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். பள்ளி, தனிப்பயிற்சி, இசை, கணினி என்று விடியல் முதல் இரவு வரை ஏற்றிவிட்டு, அதன்மேல் ஸ்தோத்திரங்களையும் ஏற்றுகின்றோம். முதிராத முதுகில் வைக்கும் பாரம் நல்லதாயினும் பாரமே. அதிபாரம் ஏற்றுதல் மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் மட்டும் சொல்லப்பட்ட அதிசாரம் என்று எண்ணற்க. ஒரு சுலோகம், பொருளோடு, மகிழ்ச்சியாக. அது பழகிய பின் இன்னொன்று. இதுவே பிள்ளைகளுக்குரிய தரைப் பயிற்சி.

ஜினாலயத்தில் சம்பவநாதரைத் தரிசிக்கும் பேறு வாய்க்கும்போது, பீடத்திலுள்ள அக்குதிரையைச் சற்றே நோக்குங்கள். உங்கள் கையில் யாருடைய கயிறு இருக்கின்றது என்று உள்ளத்தைக் கேளுங்கள். மகனுடையதா, மருமகளுடையதா, மாணவனுடையதா, உங்கள் மனத்தினுடையதா? பிடித்தது போதும் என்னும் கணம் எப்பொழுது வரும் என்று விழித்திருங்கள். அவ்விழிப்பே அப்பிரமாதம், அதுவே கொல்லாமை நோன்பின் நுண்பொருள்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!
அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!